மழைக்காலம் வந்தாச்சு: பின்சீட்டில் குடை விரிக்காதீர்கள்

அக்டோபர் பிறந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதியை இனி டிசம்பர் வரையிலான மூன்று மாதங்கள் கொட்டித் தீர்க்கும். தீபாவளி ஜவுளி, கல்யாண முகூர்த்தங்கள், கார்த்திகைக்குக் கோயில் என்று கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் அதிகம் கிளம்புவதும் இந்த மூன்று மாதங்களில்தான்.

2022-ல் நாட்டிலேயே அதிகமாகச் சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. அதே ஆண்டு நாடு முழுவதும் ஹெல்மெட் போடாமல் உயிரிழந்தவர்களில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்லர். பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஆகவே இந்த ஆலோசனை ஓட்டுபவருக்கு மட்டும் உரியதல்ல. பின்சீட்டில் இருப்பவரும் சேர்ந்து படிக்க வேண்டும். மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, கணவர் பின்னால் அமர்ந்து போகும் வீடுகளுக்கும் இதேதான்.

முதலில் வண்டி வேலைகள். முதல் பெருமழைக்கு முன்னால், இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

டயர்: பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் தேய்மானக் குறி வரை ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ‘தீபாவளி போனஸ் வரட்டும்’ என்று தள்ள வேண்டாம்.

காற்று: ஒருவர் போவதற்கு ஓர் அளவு, இருவர் போவதற்கு வேறு அளவு. சாதாரண 110 சிசி ஸ்கூட்டர் ஒன்றில் பின் டயருக்கு ஒருவர் என்றால் 29 பிஎஸ்ஐ, இருவர் என்றால் 36. உங்கள் வண்டிக்கான அளவு அதன் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பங்கில் ‘ஃபுல்லா அடிப்பா’ என்று சொல்வது அளவாகாது.

பிரேக்: இரண்டும் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஷாக் அப்சார்பர்: பின்னால் ஆள் ஏறினால் வண்டி பின்பக்கம் அமுங்கும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஸ்பிரிங்கை ஓரிரு படி கூட்டி, லைட்டைத் தாழ்த்தி வையுங்கள்.

சாரி கார்டு: பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க மிதி. மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. பின்னால் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்கென்றே அந்தக் காப்பு. புது பைக் வாங்கிய மறுநாளே ‘லுக் போயிடுது’ என்று அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டவர்கள், மழைக்கு முன் இறக்கி மாட்டுங்கள்.

இனி, முக்கியமான விஷயம்.

ஓடும் வண்டியில் குடை விரிக்காதீர்கள். தூறல்தானே என்று விரிக்காதீர்கள். வீடு பக்கத்தில்தானே என்று விரிக்காதீர்கள். மெதுவாகத்தானே போகிறோம் என்றும் விரிக்காதீர்கள்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் அகலமுள்ள விரித்த குடையின் உட்பக்கம் காற்றை வாங்கினால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏழெட்டு கிலோ எடைக்குச் சமமாகப் பின்னோக்கி இழுக்கும். 60-ல் போனால் ஏறக்குறைய 17 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் இழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். எதிர்க்காற்று வீசினால் அதையும் வண்டியின் வேகத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

‘குடையை முன்னால் சாய்த்துத்தானே பிடிக்கிறோம்’ என்பார்கள். உண்மைதான். குடையின் மேல்பக்கம் காற்றைப் பார்க்கும்வரை இழுப்பு குறைவு, நிம்மதியாகத்தான் இருக்கும். எதிரே ஒரு பேருந்து கடக்கும், அல்லது வண்டி மேம்பாலத்தில் ஏறிப் பக்கக் காற்று அடிக்கும், அல்லது ஒரு வளைவில் திரும்பும். அந்த நொடியில் குடை நிமிர்ந்து, காற்று உள்ளே புகும். லேசாக இருந்த இழுப்பு சட்டென்று பல மடங்காகும். பிடித்திருக்கும் கை குடையை விட்டுவிட வேண்டும். ஆனால் யாருடைய கையும் விடுவதில்லை. பறக்கப் போகும் பொருளை இறுக்கிப் பிடிப்பதுதான் கையின் பழக்கம். குடையோடு ஆளும் பின்னால் சாய்வார்.

இப்போது பின்சீட்டில் குடை பிடித்து வரும் பெண் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். சேலை கட்டி, ஒரு பக்கமாகக் கால் போட்டிருக்கிறார். மடியில் பையோ குழந்தையோ. இடது கை அதைப் பிடித்திருக்கிறது, வலது கை குடையைப் பிடித்திருக்கிறது. வண்டியைப் பிடிக்கக் கை எங்கே இருக்கிறது? இருபுறமும் கால் போட்டிருந்தாலாவது தொடையால் வண்டியைக் கவ்வலாம். ஒரு பக்கமாக அமர்ந்தவருக்கு அதுவும் இல்லை. அவரை வண்டியோடு சேர்த்து வைத்திருப்பது சீட்டின் உராய்வு மட்டும். மழையில் நனைந்த ரெக்சினில் அதுவும் போய்விடும். ஒரு வேகத்தடை, ஒரு பள்ளம் போதும்.

இப்படி விழுபவர் கையூன்றி முன்னால் விழுவதில்லை. மல்லாக்க விழுகிறார், பின்மண்டை சாலையில் மோதுகிறது. ஓட்டுபவருக்குத் தெரிவதற்குள் வண்டி சில மீட்டர் தள்ளிப் போயிருக்கும். பின்னால் வரும் வாகனத்துக்கோ நிறுத்த இடம் இருக்காது.

இது வீண் பயம் என்று நினைப்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். குடையோடு போனவர்களின் விபத்துகள் கூடியதால், இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவரோ பின்னால் இருப்பவரோ குடை பிடித்துச் செல்லக் கூடாது என்று கேரளப் போக்குவரத்து ஆணையர் 2021 அக்டோபரில் உத்தரவிட்டார். குடையில்லாமல் வாசற்படி தாண்டாத ஊர் அது. அங்கேயே அந்த நிலை.

ஓட்டுபவருக்கு ஒரு வார்த்தை. பின்னால் குடை விரியும் சத்தம் உங்களுக்குக் கேட்கும். உங்கள் தலைக்கு மேலும் நிழல் விழும். ‘நனையாமல் போகிறோம்’ என்று உள்ளூர மகிழ்வீர்கள். அப்படி மகிழ வேண்டாம். இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, நிறுத்துங்கள். குடையை மடித்த பிறகே கிளம்புங்கள். ‘அவளே விரிச்சுக்கிட்டா, நான் என்ன பண்றது?’ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்வதில் பயனில்லை. கைப்பிடியும் பிரேக்கும் உங்கள் கையில்தானே இருந்தன?

குடைக்குப் பதில் ரெயின்கோட். வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் கணவர் போட்டுக்கொள்கிறார் என்பது பல வீடுகளின் நடைமுறை. ‘முன்னால இருக்கிறவருக்குத்தானே நேரா அடிக்குது’ என்ற நியாயத்தில்தான் பின்சீட்டில் குடை முளைக்கிறது. ஆகவே இரண்டு வாங்குங்கள். கோட்டும் பேன்ட்டும் தனித்தனியாக உள்ள ரகம் நல்லது. சேலைக்கு மேல் பேன்ட் ஏறாது என்றால் முழங்கால் வரை நீண்ட, முன்னால் பட்டன் வைத்த கோட் போதும். கீழே கொஞ்சம் நனையும், நனையட்டும். தலைவழியாக மாட்டும் போர்வை ரகம் வேண்டாம். அது காற்றில் படபடத்துச் சக்கரத்துக்குள் போகும். மஞ்சள், ஆரஞ்சு போன்ற நிறமாக எடுத்தால் மழை இருட்டில் பின்னால் வருபவர் கண்ணுக்குப் படும்.

ரெயின்கோட் இல்லாத நாளில் மழை பிடித்தால்? கடை வாசலில் ஒதுங்குங்கள். மேம்பாலத்துக்கு அடியில் நடுச்சாலையில் கூட்டமாக நிற்க வேண்டாம்; அங்கேயும் வண்டிகள் வந்து மோதும். அரை மணி நேரம் தாமதமாகப் போனால் எந்த முகூர்த்தமும் நின்றுவிடாது.

துணி விஷயம். முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவை இரு முனையும் முடிந்து மேல்கோட்டுக்குள் விடுங்கள். கழுத்தைச் சுற்றிய துப்பட்டா சக்கரத்தில் மாட்டினால் கழுத்தையே இழுக்கும். ஏறி உட்கார்ந்ததும் ‘துணி சரியா இருக்கா?’ என்று ஓட்டுபவர் கேட்க வேண்டும். ‘சரியா இருக்கு, போங்க’ என்ற பதில் வந்த பிறகே கியர்.

ஹெல்மெட் இருவருக்கும், ஐஎஸ்ஐ முத்திரையோடு, தாடைப் பட்டையைப் பூட்டி. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இது சட்டம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கலாம். பூ வைத்த கொண்டைமேல் ஹெல்மெட் உட்காராது என்றால் பூவை மண்டபத்துக்குப் போய் வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தை இருந்தால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார், குழந்தையின் அளவுக்கு ஹெல்மெட், 40-க்குள் வேகம். இது 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் விதி.

ஓட்டும் முறை. முதல் மழையின் முதல் அரை மணி நேரம் மிக மோசமானது. சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து வழுக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நான்கு விநாடி இடைவெளி விடுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 45 மீட்டர். வெள்ளைக் கோடு, இரும்புத் தகடு, பாதாளச் சாக்கடை மூடி ஆகியவற்றின்மேல் பிரேக் பிடிக்கக் கூடாது. ஆழம் தெரியாத தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. தண்ணீரைக் கடந்து வந்தால் பிரேக்கை லேசாக அழுத்தி, உலரவிட்டுப் போங்கள். வேகத்தடை வருவதைப் பின்னால் இருப்பவரிடம் ‘பிடிச்சுக்கோ’ என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். ஜவுளிக்கடைப் பையை ஹாண்டில்பாரில் தொங்கவிட வேண்டாம், திருப்பும்போது தட்டும்.

‘என்னங்க, கொஞ்சம் மெதுவா போங்க’ என்று பின்னாலிருந்து குரல் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு விளக்கம் கேட்க வேண்டியதில்லை. அது மாமியார் வீட்டுச் சண்டையின் தொடர்ச்சியும் அல்ல.

மீறி யாராவது விழுந்துவிட்டால்: எழுந்து நின்று ‘ஒண்ணுமில்லை’ என்று சொன்னாலும் நம்பாதீர்கள். தலையில் அடிபட்டவர் முதலில் தெளிவாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து வாந்தி, தலைவலி, தூக்கக் கலக்கம் என்று சரிவது உண்டு. மண்டைக்குள் ரத்தம் கசிவது அப்படித்தான். 108-ஐ அழையுங்கள். உட்கார வைத்து சோடா கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால், ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, அரசு நிர்ணயித்த வரம்புக்குள், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். காசு கையில் இல்லை என்று வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

இன்ஷூரன்ஸ் தாளையும் இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். வெறும் ‘தேர்டு பார்ட்டி’ பாலிசி என்றால், பின்சீட்டில் வரும் மனைவிக்கு அதில் பாதுகாப்பு இல்லை. உச்ச நீதிமன்றம் 2006-லேயே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கட்டாயமாக எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும்தான். பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டுங்கள்.

வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. ஆரஞ்சு, ரெட் அலர்ட் நாட்களில் இருவரும் சேர்ந்து வண்டியில் கிளம்பவே வேண்டாம். பேருந்தில் போங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மனைவிக்குப் பயணம் இலவசம். கணவர் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். குடையை அங்கே, பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, தாராளமாக விரித்துக்கொள்ளலாம்.