கிரகித்தல் பயிற்சி: பந்தயச் சாரதி நரேன் கார்த்திகேயன்

பின்வரும் பகுதியை வாசித்து, கீழே தரப்பட்டுள்ள வினாக்களுக்கு விடை எழுதுக.

தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1977 இல் பிறந்தார். அவருடைய தந்தையும் கார்ப் பந்தயச் சாரதியே. இளவயதில் பிரான்சில் பயிற்சி பெற்ற நரேன், 1996 இல் போர்முலா ஆசியா பட்டத்தை வென்றார். 2005 இல் ஜோர்டான் அணியில் இணைந்து, போர்முலா வன் போட்டியில் பங்குபற்றிய முதலாவது இந்தியரானார்.

அவ்வாண்டு யூன் 19 ஆம் திகதி அமெரிக்காவின் இன்டியனாபொலிஸில் நடைபெற்ற போட்டியில் அவர் நான்காம் இடத்தையும் 5 புள்ளிகளையும் பெற்றார். பெறுபேற்றை மட்டும் பார்ப்போர் வியப்படைவர். ஆனால், அன்று நடந்தது வேறு. அப்பாதையின் வேகமான வளைவொன்றில் மிஷெலின் நிறுவனத்தின் ரயர்கள் தாக்குப்பிடிக்கமாட்டா எனக் கண்டறியப்பட்டது. எனவே, அவற்றைப் பொருத்தியிருந்த 14 கார்கள் போட்டி ஆரம்பிக்கும் தறுவாயில் விலகின. எஞ்சிய 6 கார்களே ஓடின.

போர்முலா வன்னில் நரேன் பெற்ற புள்ளிகள் இவை மட்டுமே. 2011, 2012 ஆம் ஆண்டுகளில் அவர் மீண்டும் அங்கு ஓட்டியபோதும் அவருடைய அணியின் கார் மிகவும் பின்தங்கியதாகவே இருந்தது. மாறாக, எல்லா அணிகளுக்கும் ஒரேவகைக் கார் வழங்கப்பட்ட ஏ1 கிராண்ட் பிறீ தொடரில், 2007 டிசெம்பரில் சீனாவின் சூஹாயில் அவர் வெற்றி பெற்றார்.

பின்னர், வீதியில் ஓடும் கார்களைப் போலக் கூரையும் கதவும் கொண்ட பந்தயக் கார்களுக்கு மாறினார். 2019 நவம்பர் 24 அன்று யப்பானின் பூஜி பாதையில், யப்பானிய சுப்பர் ஜிரி கார்களும் ஜேர்மனிய ரூரிங் கார்களும் ஒன்றாக மோதிய போட்டியில் ஹொண்டா கார் ஓட்டி முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 42.

வினாக்கள்

1. 2005 இல் நரேன் அடைந்த சிறப்பு யாது?
2. இன்டியனாபொலிஸில் 14 கார்கள் விலகியமைக்குக் காரணம் யாது?
3. ‘தறுவாயில்’ என்பதன் பொருளை எழுதி, அச்சொல்லை வாக்கியத்தில் அமைக்க.
4. நரேனின் திறமைக்கு இன்டியனாபொலிஸ் பெறுபேற்றிலும் சூஹாய் வெற்றி சிறந்த சான்று எனலாமா? பகுதியிலிருந்து காரணம் காட்டுக.
5. இப்பகுதியை மூன்றிலொன்றாகச் சுருக்கி எழுதுக.

குறிப்பு: நான்காம் வினாவுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்பது மட்டும் போதிய விடையாகாது. ஒவ்வொரு போட்டியிலும் நிலவிய சூழ்நிலையை ஒப்பிட்டு எழுதுக.