டேஷ்போர்டுக்கு மலை தெரியாது

கத்திரி வெயில் வந்தால் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குக் கல்வராயன் மலை ஞாபகம் வந்துவிடும். கச்சிராயபாளையம் வழியாக ஏறி வெள்ளிமலையில் போய் இறங்கினால் உடம்புக்கு இதம்தான், மறுப்பதற்கில்லை. காருக்குள் இருக்கும் ஸ்டீரியோவுக்கும் அந்த இதம் கிடைத்துவிடும் என்று நம்பி, வண்டியை வெட்டவெளியில் விட்டுவிட்டு அருவிக்குப் போகிறோமே, அங்கேதான் கணக்குத் தப்புகிறது. ஆயிரம் அடி ஏறினால் காற்றின் சூடு ஏறக்குறைய 2 டிகிரி குறையும். கல்வராயன் 2000 முதல் 3000 அடி உயரம். ஆக, மலை நமக்குத் தருவது 4, மிஞ்சினால் 6 டிகிரி. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 38 டிகிரி தொட்ட நாட்களில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி. நிழலில் நின்றவற்றில் 48. வித்தியாசம் 21 டிகிரி! கள்ளக்குறிச்சியில் ஒரு புளியமர நிழல் செய்வதை வெள்ளிமலையின் வெட்டவெளி செய்யாது.

ஏனென்றால் டேஷ்போர்டைச் சுடவைப்பது காற்று அல்ல, முன் கண்ணாடி வழியாக இறங்கும் வெயில். கறுப்பு பிளாஸ்டிக் அதைக் குடித்துக்கொள்கிறது, மூடிய வண்டிக்குள் சூடு தேங்குகிறது. மலையில் வெயிலின் உறைப்பு குறைவதில்லை. சாதாரண செட்டுகள் வேலை செய்வதற்கான உச்சவரம்பு பெரும்பாலும் 60 டிகிரி அளவில்தான் இருக்கும். நாமோ கதவைத் திறந்ததும் சாவியைத் திருப்பி, சத்தமாகப் பாட்டு வைக்கிறோம். செட்டின் பின்னால் உலோகத் தகட்டோடு ஒட்டியபடி ஆம்ப் சிப் இருக்கிறது. அது இழுக்கும் கரண்டில் பாதியளவு பாட்டாகாமல் சூடாகவே போகிறது. அந்தச் சூடு வெளியேற வேண்டிய இடுக்கு ஏற்கெனவே அடுப்பாகக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, செட் மாட்டும்போது மிச்ச வயரையெல்லாம் சுருட்டி டேப் போட்டு அந்தத் தகட்டின் மேலேயே அமுக்கிவிடுவார்கள். வயரை ஓரமாக ஒதுக்கிக் கட்டச் சொல்லிக் கேட்டு வாங்குவது, விலை கூடின செட் வாங்குவதைவிடப் பலன் தரும்.

‘கம்பெனிக்காரன் இதையெல்லாம் சோதிக்காமலா விற்கிறான்?’ என்று கேட்கலாம். சோதித்துத்தான் விற்கிறான், அதனால்தான் செட் ஒரே நாளில் சாவதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளும் அறிந்த பொதுக்கணக்கு. மத்தியானம் டச் வேலை செய்யாமல் சாயங்காலம் சரியாகிவிட்டாலோ, சத்தம் கூட்டினால் பாட்டு நின்று பிறகு தானாக வந்தாலோ, முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள். பழைய கேசட் டெக் இருபது வருஷம் பாடவில்லையா என்றால், பாடியது. அதில் டச் ஸ்கிரீனும் இல்லை, உள்ளுக்குள் ஒரு கம்ப்யூட்டரும் இல்லை.

கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைப்பதிலும் பெரிய பலனில்லை. 2005இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அளந்து பார்த்துச் சொன்னது அது. கறுப்பு பிலிமுக்கு 2012இலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. எப்படியும் டேஷ்போர்டில் விழும் வெயில் பெரும்பாலும் முன்னாலிருந்து வருவது. மடக்கு சன் ஷேடை உள்பக்கமாகக் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்தினால் போதும். அது இல்லையா, ஒரு வெள்ளைத் துண்டை ஸ்கிரீனும் மறையும்படி டேஷ்போர்டில் விரித்துவிடுங்கள். பென்டிரைவைப் பிடுங்கி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் எதிரெதிர்க் கதவு இரண்டையும் திறந்துவைத்து, அனல் போனபின் ஏசி போட்டு, பத்து நிமிஷம் கழித்துப் பாட்டு வைக்கலாம்.

நிழல் பார்த்து நிறுத்துகிறவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காலை பத்து மணிக்கு மரத்தின் நிழல் மேற்கே விழுந்திருக்கும். வண்டியை அங்கே விட்டுவிட்டு மேகம் அருவிக்குப் போய் மூன்று மணிக்கு வந்தால், நிழல் கிழக்கே போயிருக்கும், வண்டி வெயிலில் காயும். கடுக்காய் மரமோ புளியமரமோ, அதற்குக் கிழக்கே நிறுத்துங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வெயில் படும். அதுவரைக்கும் துண்டு இருக்கிறது.