கோல்ஃப் பந்து காணாமல் போனால்

அடித்த பந்து புதருக்குள் போன மாதிரி தெரிகிறதா? தேடக் கிளம்புமுன், "இது புரொவிஷனல் பந்து" என்று உடன் ஆடுபவர்களிடம் சொல்லிவிட்டு, அதே இடத்திலிருந்து இன்னொன்றை அடித்துவிடுங்கள். சும்மா 'இன்னொண்ணு அடிக்கிறேன்' என்றால் போதாது. பிறகு முதல் பந்து கிடைத்தாலும் செல்லாது, ஓர் அடி அபராதமும் சேரும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

தேடத் தொடங்கியதிலிருந்து 3 நிமிடம்தான் அவகாசம். 2019-க்கு முன்பு 5 நிமிடம் இருந்தது. கிடைக்காவிட்டால் ஓர் அடி அபராதத்தோடு பழைய இடத்திலிருந்தே ஆட வேண்டும். புரொவிஷனல் அடித்திருந்தால் அந்த நடை மிச்சம். எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பங்களைத் தாண்டினாலும் இதே கதி.

சிவப்புக் கம்பம் நட்ட குளத்தில் விழுந்தது உறுதியா? ஓர் அடி அபராதம். பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து புதுப் பந்தைப் போடலாம்.

பந்தில் பேனாவால் அடையாளம் வையுங்கள். உங்களுடையதென்று சொல்ல முடியாத பந்தும் தொலைந்த பந்துதான்.