ஹோஷங்காபாத் எங்கே?

கேள்வி: டெல்லி ரயிலில் போகும்போது முன்பு பார்த்த ஹோஷங்காபாத் ஸ்டேஷனை இப்போது காணோமே?

பதில்: ஊர் அங்கேயேதான் இருக்கிறது. மாளவ சுல்தான் ஹோஷங் ஷாவின் பெயரைத் தாங்கிய அந்த மத்தியப் பிரதேச மாவட்டம், 2022-ல் நர்மதாபுரம் ஆனது. ஸ்டேஷன் பெயரும் மாறிவிட்டது. வடக்கே நர்மதை, தெற்கே சாத்பூரா மலை. அம்மலையிலுள்ள பச்மரி, ஆங்கிலேயர் காலத்தில் மத்திய மாகாணத்தின் கோடைத் தலைநகர். 1998-ல் ஹர்தா தனி மாவட்டமாகப் பிரிந்தது. தவா அணையின் கால்வாய் நீரில் கோதுமை செழிக்கிறது. அந்தத் தவா, பந்த்ராபானில் நர்மதையோடு கலக்கிறது. அடுத்த முறை இடார்சி தாண்டியதும் ஜன்னலோரம் உட்காருங்கள். நர்மதாபுரத்தை அடுத்து ரயில் பாலத்தில் ஏறும். மேற்கு நோக்கி ஓடும் நர்மதையைக் கண்குளிரப் பாருங்கள்.