கண் கசக்கும் பழக்கம்

அன்புள்ள நித்திக்கு,

கல்யாணத்துக்குள் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிடப் போவதாக உன் அம்மா சொன்னாள். தடுக்க எழுதவில்லை. முப்பது வருஷம் கண் பரிசோதனை அறையில் நின்றவள் என்பதால் எழுதுகிறேன்.

லேசரை நினைத்துப் பயப்படாதே. 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் தவறுதலாக ஃபெம்டோ செகண்ட் லேசர் பட்டுவிட்டது. பரிசோதித்த இளம் மருத்துவர் ரான் கர்ட்ஸ் அசந்துபோனார். விழித்திரையில் பட்ட காயம் அத்தனை சுத்தமான வட்டம்! அந்த விபத்திலிருந்துதான் பிளேடு இல்லாத இந்த முறை முளைத்தது. ஒரு வினாடியைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி பத்துக் கோடி பங்காக்கினால் அது ஒரு ஃபெம்டோ செகண்ட். இந்த லேசரின் ஒவ்வொரு துடிப்பும் சில நூறு ஃபெம்டோ செகண்டுதான். பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவுவதற்குள் முடிந்துவிடும். முன்பு பிளேடால் அறுத்த இடத்தில் இப்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் வரிசையாக விழுந்து, கருவிழியின் மேல் மெல்லிய படலத்தைப் பிரித்துவிடுகின்றன. அதைத் தூக்கிவைத்து, இன்னொரு லேசரால் அடியில் செதுக்குவார்கள்.

என் கவலை உன் கருவிழியைப் பற்றித்தான். அதன் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர்தான். செதுக்கியது மறுபடி வளராது. நீயோ சின்ன வயசிலிருந்து கண்ணைக் கசக்குகிறவள். பரீட்சைக்குப் படிக்கும்போது புறங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைப்பாய். அப்படிக் கசக்குகிறவர்கள் சிலருக்குக் கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. கருவிழியின் வளைவைக் காட்டும் டோபோகிராபி படத்தில் மட்டும் கீழ்ப்பக்கம் சிவப்பாக ஒரு திட்டு தெரியும். அப்படி ஒரு பையனுக்கு நாங்கள் லேசர் வேண்டாம் என்றோம். கோபித்துக்கொண்டு போய் வேறெங்கோ செய்துகொண்டான். இரண்டு வருஷம் கழித்து வந்தான். எந்தக் கண்ணாடி போட்டும் எழுத்து தெளியவில்லை. அவன் அம்மா அழுதது இன்னும் எனக்குக் கேட்கிறது.

அதனால் அளவு எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடு. லென்ஸ் அழுத்தியிருந்தால் அளவு பொய்யாகும். கசக்குவதை மறைக்காமல் டாக்டரிடம் சொல். பவர் ஒரு வருஷமாக மாறாமல் இருக்கிறதா என்று பழைய சீட்டுகளைப் பார். லேசர் செய்த பிறகு சில மாதம் கண் வறளலாம், ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வைத்துக்கொள்ளாதே.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் பார்க்கும்வரை முன்பணம் கட்டாதே.

அன்புடன்,
அத்தை