நிறம் போனால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

 

உளூச் செய்யும் தண்ணீரில் நிறம், மணம், சுவை மாறியிருக்கிறதா என்று பார்ப்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். இந்த முறை நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். சாயம் கலந்த தண்ணீரிலிருந்து நிறத்தை நீக்க, நம் வயல்களில் வீணாகும் பொருள்களே உதவும். ஆனால் நிறம் போவது வேறு, தண்ணீர் சுத்தமாவது வேறு.

திருப்பூர் தரும் பாடம்

பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிப்பதற்கு உப்பை ஏராளமாகச் சேர்க்கிறார்கள். பிடிக்காமல் மிஞ்சிய சாயமும் அந்த உப்பும் அலசும் தண்ணீரோடு வெளியேறுகின்றன. திருப்பூரில் இந்தக் கழிவு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமானது. ஆற்றை நம்பியிருந்த நிலங்களும் கிணறுகளும் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விவசாயி ஏற்கெனவே விளைச்சலை இழந்திருந்தார். இப்போது தொழிலாளியும் வேலையை இழந்தார்.

கரி நிறத்தைப் பிடிப்பது எப்படி?

கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. சாயத்தின் மூலக்கூறுகள் அந்தத் துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. இதைப் 'பரப்புக் கவர்தல்' என்று பாடநூல்கள் சொல்கின்றன. நன்கு பதப்படுத்திய ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல் இருக்கும். நம் கணக்கில் 12 சென்ட் நிலம்!

கடையில் விற்கும் இந்தக் கரி விலை அதிகம். அதனால்தான் ஆய்வாளர்கள் வேளாண் கழிவுகளை நாடுகிறார்கள். பெரம்பலூரில் மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையும் பருத்திமாரும் கிடைக்கின்றன. கொட்டாங்குச்சி எல்லா வீட்டிலும் உண்டு. கல்லூரி மாணவர்கள் பலர் 'மெத்திலீன் நீலம்' என்ற சாயத்தை வைத்துச் சோதிக்கிறார்கள். அது நேர்மின்சுமை கொண்டது. எதிர்மின்சுமை உள்ள சக்கைத் தூளில் எளிதாக ஒட்டும். பருத்திக்குப் பெரும்பாலும் பயன்படும் சாயங்களோ எதிர்மின்சுமை கொண்டவை. அதே தூளில் அவை அவ்வளவாக ஒட்டாது. எனவே ஆய்வகத்தில் கிடைத்த வெற்றி அப்படியே பட்டறைக்குப் பொருந்தாது.

வீட்டில் ஒரு சோதனை

பெரியவர்கள் உடனிருக்க, பிள்ளைகள் செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பேனா மையும் இரண்டு கரண்டி உப்பும் கலக்குங்கள். கொட்டாங்குச்சிக் கரியைத் தூளாக்கிக் கழுவி, நாலைந்து கரண்டி போட்டு, அரை மணி நேரம் அவ்வப்போது கலக்குங்கள். பிறகு மெல்லிய துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். நிறம் குறைந்திருக்கும். அந்தத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் வற்றியதும் தட்டில் உப்பு படிந்திருக்கும். கரி சாயத்தைப் பிடித்தது, உப்பை விட்டுவிட்டது. நொய்யல் கரையின் நிலத்தைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தத் தண்ணீரை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

1. தெளிவாகத் தெரிவதால் மட்டும் கிணற்று நீரை நம்ப வேண்டாம். கரைந்துள்ள உப்பின் அளவான டிடிஎஸ், குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது.

2. சாயம் பிடித்த கரியைக் குப்பைக்குழியிலோ வயலிலோ கொட்டக் கூடாது. சாயம் அழிந்துவிடவில்லை, தண்ணீரிலிருந்து கரிக்கு இடம் மாறியிருக்கிறது. மழையில் அது மீண்டும் கசியலாம்.

3. இத்துறையில் ஆய்வு செய்யும் நம் மாணவர்கள், நிறம் எவ்வளவு குறைந்தது என்பதோடு நிறுத்தாமல், உப்பு எவ்வளவு மிஞ்சியது, கழிவுக் கரியை என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட வேண்டும்.

நம் பகுதியில் நாளை யாராவது சாயத்தொழில் தொடங்க முன்வந்தால், ஊர்க் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியதும் இவைதான்: உப்பு எங்கே போகும்? கரி எங்கே போகும்? வேலையும் வேண்டும், கிணறும் வேண்டும். இரண்டையும் காக்க, தொழில் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவோம்.