அரசியல் அறிவியல் படிக்க எங்கே சேர்வது?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும், "பையனை ஐ.ஏ.எஸ். ஆக்கணும் சார், எந்தக் காலேஜ் நல்லது?" என்று பெற்றோர் வந்துவிடுகிறார்கள். பையன் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். அரசியல் அறிவியல் அவனுக்குப் பிடிக்குமா என்று வீட்டில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாநிலக் கல்லூரியோ சென்னைக் கிறித்தவக் கல்லூரியோ கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். வெளிமாநிலம் போகத் துணிந்தவர்கள் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வெழுதி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். தனியாரில் அசோகா, அசிம் பிரேம்ஜி போன்றவை எழுத்துக்கும் ஆய்வுக்கும் நல்ல பயிற்சி தருகின்றன. கட்டணத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு.

நான் பயப்படுவது "பி.ஏ. அரசியல் அறிவியல், கூடவே ஐ.ஏ.எஸ். பயிற்சி" என்று விளம்பரம் செய்யும் தனியார் பல்கலைக்கழகங்களைப் பார்த்துத்தான். குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். முதன்மைத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500; அதுவும் பட்டப் படிப்பில் படித்த பாடமாக இருக்க வேண்டியதில்லை. சுமார் பத்து லட்சம் பேர் விண்ணப்பித்து, ஏறக்குறைய ஆயிரம் பேர் தேறும் தேர்வு அது. அதை நம்பி மூன்று வருடப் பாடவேளையைக் கோச்சிங்குக்குத் தாரை வார்த்தால், தேறாத பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும்? எம்.ஏ., கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வு, சட்டம், பத்திரிகைத் துறை எல்லாமே பாடத்தை ஒழுங்காகப் படித்தவனைத்தான் கேட்கின்றன. பயிற்சிதான் வேண்டுமென்றால், பட்டம் வாங்கிய பிறகு நுழைவுத் தேர்வெழுதிச் சேர, சென்னையில் தமிழ்நாடு அரசே ஒரு மையம் நடத்துகிறது.

பட்டத்தோடு ஐ.ஏ.எஸ். பயிற்சியும் தரும் தனியார் வகுப்பிலிருந்து வந்த ஒரு மாணவியிடம், அரசமைப்பைத் திருத்தும் நாடாளுமன்ற அதிகாரத்துக்கு உச்ச நீதிமன்றம் வரம்பு வைத்த கேசவானந்த பாரதி வழக்கைப் பற்றிக் கேட்டேன். "1973, அடிப்படைக் கட்டமைப்பு" என்று பட்டென்று பதில் வந்தது. பதின்மூன்று நீதிபதிகளில் ஏழு பேர் ஒரு பக்கமும் ஆறு பேர் மறுபக்கமும் நின்றார்களே, அந்த ஆறு பேர் அந்த வரம்பை ஏன் ஏற்கவில்லை என்றதும் விழித்தாள். தீர்ப்பின் ஒரு பக்கத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. கெட்டிக்காரப் பெண். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அரசு உதவி பெறும் கல்லூரி நூலகத்தில் வளர்ந்தவன் நான். என் சாய்வு அந்தப் பக்கம்தான். எங்கே சேர்ந்தாலும் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், வகுப்பு முடிந்தபின் நூலகம் திறந்திருக்குமா என்று கேளுங்கள். கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.

சேர்வதற்கு முன் பிள்ளை ஒரு மாதம் சட்டமன்றச் செய்திகளை விடாமல் படிக்கட்டும். சலித்துப்போனால் வேறு பாடம் பாருங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. பிடித்துப்போனால் பொறுமையாக இருங்கள். முதல் செமஸ்டரில் பிளேட்டோவும் ஹாப்ஸும் தலைக்குமேல்தான் போவார்கள். இரண்டாம் வருடத்தில் பிடிபடும். அதற்குள் மகனையோ மகளையோ வேறு துறைக்கு மாற்ற அலையாதீர்கள்.